டைமருக்கு நியூட்ரல் வேண்டும்

மூன்றாவது தடவையாக மரியநாதன் டெஸ்டரைச் சிவப்பு வயரின் நுனியில் வைத்துப் பார்த்தான். எரியவில்லை. எப்படி எரியும், கீழே மெயினை அணைத்தாயிற்று, அணைத்தது அவனே, அணைத்த கையால் இன்னொரு முறை அமுக்கிப் பார்த்ததும் அவனே, மேலே வந்து படுக்கையறை விளக்கின் சுவிட்சைத் தட்டி அது எரியாததைக் கண்டு மூச்சு விட்டதும் அவனே. இன்வெர்ட்டர் உண்டா என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டாகிவிட்டது. இல்லை என்றார். இரண்டாம் தடவை கேட்டதற்கும் இல்லை என்றுதான் சொன்னார், கொஞ்சம் குரலை உயர்த்தி. இதற்குமேல் ஒரு எலக்ட்ரீசியனுக்கு என்னதான் வேண்டும்? வயரைப் பிடித்து, முறுக்கி, டைமரின் துளைக்குள் விட்டு, திருகை இறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தவன், மணி பதினொன்றே கால், இன்னும் ஒரு வயரைக்கூடத் தொட்டபாடில்லை. வீட்டுக்கார அம்மாள் வத்சலா மேடம் சென்னையில் ஏதோ கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, குன்னூர்க் காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி இங்கே வந்து, வந்த நாளிலிருந்து குளிரோடு மல்லுக்கு நிற்பவர். அவர் குளியலறைச் சுவரில் ஏணி மாதிரி ஒரு ஸ்டீல் கம்பி. கரண்டில் சூடாகும். துண்டைப் போட்டு வைத்தால் குளித்து வரும்போது இட்லித் துணி போலக் கதகதவென்று இருக்கும். காலையில் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுவார், சாயங்காலம் வரை கம்பி சும்மா காய்ந்துகொண்டு கிடக்கும். அதற்குத்தான் இந்த டைமர். விடியற்காலை ஐந்துக்குத் தானாக வர வேண்டும், ஏழுக்குத் தானாக அணைய வேண்டும். தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, குளியலறைக் கதவுக்கு வெளியே, பழைய சுவிட்ச் இருந்த பெட்டியிலேயே மாட்டிவிடலாம் என்று அவன்தான் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். வாய்க்கு எல்லாம் தெரிகிறது, கைதான் வர மாட்டேன் என்கிறது.

டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்டு இல்லை என்று அர்த்தமா, டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி பல்பு செத்துப்போனது என்று அர்த்தமா? அதைத்தான் போன தடவை கீழே போய்ப் பார்த்தான். மெயினைப் போடச் சொல்லி, சமையலறை பிளக்கில் குத்தினான். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. சரி, டெஸ்டர் உயிரோடு இருக்கிறது. மறுபடி அணைத்துவிட்டு மேலே வந்தான். பதினேழு படி. படி ஏறும் நேரத்தில் டெஸ்டர் செத்திருந்தால்? சிரிப்பு வர வேண்டிய எண்ணம் இது. ஒரு காலத்தில் சிரித்திருப்பான். இருபத்திரண்டு வருஷம் கம்பத்திலும் கூரையிலும் தொங்கியவன், ஈரக் கையோடு ஹோல்டர் மாற்றியவன், கரண்டு என்ன என் மாமனார் வீட்டுப் பசுமாடு என்று பீற்றிக்கொண்டவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிவப்பை விட்டுவிட்டுக் கறுப்பைப் பார்த்தான். சாதாரண சுவிட்சாக இருந்தால் கறுப்பைத் தொடவே வேண்டாம், வருகிற கம்பி ஒன்றை அறுத்து நடுவில் சுவிட்சை வைத்தால் முடிந்தது. டைமர் அப்படியில்லை. அதற்குள் கடிகாரம் ஓட வேண்டும், அதனால் வருகிற கம்பியும் வேண்டும், போகிற கம்பியும் வேண்டும், நியூட்ரல் என்கிற இந்தக் கறுப்பு. டைமருக்கு நியூட்ரல் வேண்டும். இதைக் காலையில் பெட்டியின் படத்தைப் பார்த்தபோதே கண்டுகொண்டான், கண்டுகொண்ட மாத்திரத்தில் நாக்கு உலர்ந்துவிட்டது. நியூட்ரல் சாது, அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். சாதுதான். சாதுவை நம்பித்தானே.

"ஆஃப்லதாங்க இருக்கு." கீழேயிருந்து ரோஸ்லின் குரல் வந்தது. அவன் கேட்கவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவளாகச் சொல்கிறாள். "நான் இங்கதான் நிக்கிறேன். ஒரு ஈ காக்கா கிட்ட வராது." இந்த வீட்டில் சமையல் அவளுக்கு. இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வெளி ஆள் எதுக்கும்மா என்று மேடத்திடம் அடித்துப் பேசியிருக்கிறாள். பதினொரு மாதமாகத் தோள்பட்டை வலி என்று சொல்லி வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற மனுஷனை, ஒரு சின்ன வேலையாகக் கொடுத்து இறக்கிவிட்டால் எழுந்துகொள்வான் என்று கணக்கு. தோள்பட்டையில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பயம் என்று தெரியும். எதன்மேல் பயம் என்றுதான் தெரியாது. காலையில் கிளம்பும்போது அவன் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே நின்றான். அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் மெயின்கிட்ட நிக்கிறேங்க. அன்னிக்கு அங்க ஒருத்தரும் நிக்கல, அதான் அப்படி ஆச்சு," என்றாள். சொன்னபடியே நிற்கிறாள். சமையலறை நடையில், மெயின் பலகைக்கு முதுகைக் கொடுத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி. பிரிட்ஜில் பால் கெட்டுவிடும், ஐந்து நிமிஷம் கரண்டு போட்டுக்கொள்ளட்டுமா என்று மேடம் வந்து கேட்டதற்கு, "பால் கெட்டா நான் வாங்கித் தர்றேன்மா, ஆள் போனா யாரு தருவா?" என்று சொன்னது மேலே அவன் காதில் விழுந்தது. அந்த அம்மாள் திரும்பிப் போய்விட்டார். தம்பியைக் கரண்டுக்குக் கொடுத்தவளிடம் யார் என்ன பேச முடியும்? அவள் தம்பி டென்சிங்கைக் கொன்றவனுக்குத்தான் அவள் காவல் நிற்கிறாள். இந்தச் சொல்லை மனசுக்குள் அவன் இத்தனை நாள் சொன்னதில்லை. கொன்றவன். சொன்னதும் டெஸ்டர் கைநழுவித் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது.

அதை எடுக்கக் குனிந்தபோது தரையின் குளிர் கன்னத்தில் பட்டது. டென்சிங் விழுந்த அந்தத் தரையும் குளிர்தான். எஸ்டேட் பங்களா, ஆள் குடியிருந்து எட்டு வருஷம் ஆன வீடு, மழை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். இரும்புப் பெட்டிக்குள் இரண்டு வரிசையாகப் பீங்கான் பியூஸ் கட்டைகள். இந்தக் காலத்து வீடுகளில் பியூஸ் வருகிற கம்பியில் மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் போகிற கம்பியிலும் ஒன்று வைப்பார்கள். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம், மலையில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் அந்த வழக்கம்தான். கட்டை நம் பையில் இருந்தால் தெரியாத்தனமாக யாரும் வந்து கரண்டு கொடுக்க முடியாது பார். அன்றைக்கு அவன் பிடுங்கினான், உள்ளே பல்பு அணைந்தது, கட்டையைப் பையில் போட்டுக்கொண்டான். விளக்கு அணைந்தால் கரண்டு இல்லை என்று எந்த மடையன் சொன்னான்? போகிற கம்பியை வெட்டினாலும் விளக்கு அணையும். வருகிற கம்பி உயிரோடுதான் நின்றுகொண்டிருக்கும், தொடுகிறவனுக்காகக் காத்துக்கொண்டு. மேல் வரிசை, கீழ் வரிசை. எது எந்த வரிசை என்று ஒரு நொடி நின்று பார்த்திருந்தால் போதும். அவன் டீக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். ஒரு டீ. டென்சிங் உள்ளேயிருந்து கேட்டான். "மச்சான், எடுத்தாச்சா?" எடுத்தாச்சுடா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மச்சான், நல்லாப் பாத்தீங்களா?" அவன் அப்படித்தான், முப்பத்தொரு வயசிலும் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்பான், சாலையைக் கடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி முதல் பக்கத்தைப் பார்ப்பான், அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி செய்வது உண்டு. "கட்டை என் பையில இருக்குடா, எமனே வந்தாலும் கரண்டு குடுக்க முடியாது. கைய வை!" டென்சிங் சிரித்தான். டெஸ்டர் அவன் காதிலேயே செருகியிருந்தது. மச்சான் சொன்னபிறகு எதற்கு டெஸ்டர் என்று நினைத்திருப்பான். கை வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் மனசு எப்போதும் ஒரே இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஓடிப்போய் எல்லாக் கட்டைகளையும் பிடுங்கியதில் இல்லை, அவனைத் தூக்கிக் கிடத்தி நெஞ்சை அமுக்கி வாயில் ஊதி ஊதிப் பார்த்ததில் இல்லை, அவன் வாயில் காலையில் சாப்பிட்ட தேங்காய்ச் சட்னியின் வாசனை அடித்ததில்கூட இல்லை. அதெல்லாம் வரும், போகும். சிக்குவது இங்கேதான்: வாட்ச்மேன் ஓடிவரும் பூட்ஸ் சத்தம் கேட்டது, இவன் எழுந்துபோய்க் கட்டைகள் எல்லாவற்றையும் திரும்பச் செருகினான். பையிலிருந்ததையும் எடுத்துச் செருகினான். ஏன்? யோசித்துச் செய்யவில்லை, கை போய்ச் செருகியது. பதினொரு மாதமாக அந்தக் கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அது பதில் சொல்வதில்லை. பல்பு எரிந்தது. உள்ளே வந்த வாட்ச்மேன் மேலே பார்த்தார். "அடப்பாவி, லைட் எரியுதே! ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே கைய வச்சுட்டானா?" என்றார். மரியநாதன் பொய் சொல்லவில்லை. தலையை ஆட்டினான், அவ்வளவுதான். பிறகு போலீஸ்காரர் கேட்டபோது ஆட்டினான். பங்குச் சாமியார் கேட்டபோது ஆட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு பேச்சும் தேவைப்படவில்லை, தலை ஒன்று போதுமாக இருந்தது. ரோஸ்லின் கேட்கக்கூட இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "பொறுக்க மாட்டியாடா? அஞ்சு நிமிஷம் மச்சானுக்குப் பொறுக்க மாட்டியா? அவசரக்காரா, அவசரக்காரா," என்று பிணத்தைத் திட்டினாள். அழவில்லை. அன்றும் இல்லை, முப்பதாம் நாள் பூசையிலும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அவன் சின்ன வயசிலிருந்தே அவசரக்காரன் என்றாள். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறவனை, அவன் கூடப்பிறந்தவள் வாயாலேயே அவசரக்காரன் ஆக்கியாகிவிட்டது. உயிர் போனது ஒரு நொடியில். பேரை இவன் பதினொரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறான், தினமும், அவள் சோறு போடும்போதும் தைலம் தேய்க்கும்போதும், நோகாத தோளில்.

டெஸ்டர் கையில் கிடைத்தது. எழுந்து உட்கார்ந்தான். சரி, தொட்டுவிடலாம். ஒன்று, இரண்டு. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்வீட்டுத் தகரக் கூரை மறைந்துகொண்டிருந்தது. தொட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும், முடிந்தால் அவள் சிரிப்பாள், நாளைக்கு இன்னொரு வேலை பிடித்துத் தருவாள், அங்கேயும் வந்து மெயினுக்கு முன்னால் நிற்பாள். ஊரில் உள்ள மெயின் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள். நின்று நின்று கால் வீங்குவாள். தொடாவிட்டாலோ, அதற்கும் தைலம். எந்தப் பக்கம் போனாலும் அவள் இவனைப் பார்த்துக்கொள்வாள். விரலை நீட்டினான். கறுப்பு வயருக்கு ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரல்கடை இருந்தது.

"என்னங்க, ஆச்சா?" கீழிருந்து அவள் குரல். "ஆகலேன்னாலும் பரவால்ல. நிதானமாப் பண்ணுங்க. அவன மாதிரி அவசரப்பட்டுறாதீங்க."

மரியநாதன் எழுந்தான். எழுந்தது எப்படி, பதினேழு படி இறங்கியது எப்படி என்று பின்னால் அவனுக்கு ஞாபகம் இல்லை. இறங்கும்போதே வாய் திறந்துவிட்டதோ என்னவோ, கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் பாதி சொல்லியாகியிருந்தது. அவள் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றவள் அப்படியே நின்றாள். முதலில் அவளுக்கு இவன் என்ன உளறுகிறான் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்குக் கையைத் தூக்கினாள்.

"காய்ச்சல் இல்ல ரோஸி. அன்னிக்குக் கட்டைய நான்தான் எடுத்தேன். அவன் தொடுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். தப்பான கட்டை. நியூட்ரல் கட்டை. பையில போட்டுக்கிட்டு டீ குடிக்கக் கிளம்பினேன். வாட்ச்மேன் வர்றதுக்குள்ள திரும்பச் செருகிட்டேன்."

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. வயர்மேனின் பெண்டாட்டி அவள், இன்னொரு வயர்மேனின் அக்காள். நியூட்ரல் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் மேடம் போனில் யாரிடமோ குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடிக்கட்டும், கத்தட்டும், அந்தத் தாளிப்புக் கரண்டியை எடுத்து மண்டையில் போடட்டும் என்று அவன் நின்றான். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவன் கேட்டானா?"

"என்ன?"

"கை வைக்கிறதுக்கு முந்தி. உங்ககிட்டக் கேட்டானா?"

"கேட்டான்."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

அவள் கையைக் கீழே போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அடுப்பில் பருப்பு வெந்ததா என்று யோசிப்பவள் முகம்தான். அவனுக்குக் காலில் விழலாமா என்று தோன்றியது, விழுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று தோன்றியது, "ரோஸி" என்று ஆரம்பித்தான்.

"மேல போங்க," என்றாள் அவள். "போய் வேலைய முடிங்க."

"இல்ல ரோஸி, நான்…"

"போங்கன்றேன்ல. நிக்கிறேன்னு சொல்லிட்டேன், நிக்கிறேன். என் முன்னாடி நிக்காதீங்க, போங்க."

ஏறினான். டெஸ்டரைக் கீழே மேஜையில் வைத்தது பாதிப் படியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி இறங்கி அவள் முன்னால் போய் எடுப்பதா? எடுக்கவில்லை. சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். மெயின் அவள் தோளுக்குப் பின்னால் இருக்கிறது, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம். ஒரு நொடி போதும். டென்சிங்குக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம். யாரும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள், அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டார் என்று சொன்னால் போதும், தலையை ஆட்டினால்கூடப் போதும். அப்படிச் செய்தால் அது நியாயம்தான் என்று பட்டது, நியாயம் என்று பட்ட பிறகும் உயிர்ப் பயம் போகவில்லை, வெட்கம் கெட்ட உயிர். ஆஃப்லதான இருக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்க என்ன முகம் இருக்கிறது என்று அடக்கிக்கொண்டான். டென்சிங்குக்குக் கேட்க உரிமை இருந்தது, அவன் நம்பிக் கேட்டான். இவன் கேட்காமல்தான் வைக்க வேண்டும். இடது கையால் சிவப்பையும் வலது கையால் கறுப்பையும் ஒன்றாகப் பிடித்தான், எந்த எலக்ட்ரீசியனும் பிடிக்கக் கூடாத விதத்தில், செம்பு உள்ளங்கையில் படும்படி.

செம்பு சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், விடத் தோன்றவில்லை. அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஏதோ பாத்திரம் உருண்டது என்று நினைத்தான். அது அவள் அழுகை. பதினொரு மாதம் அடைத்துக் கிடந்தது, வாய்விட்டு, "டென்சிங்கு, எம் ராசா" என்று தம்பி பேரைச் சொல்லி, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. மேடம் போனை வைத்துவிட்டு ஓடிவருவது கேட்டது.

"ரோஸ்லின்! என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"என் தம்பிம்மா. என் தம்பி அவசரக்காரன் இல்லம்மா. கேட்டிருக்கான். ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் கைய வச்சிருக்கான்."

மேடத்துக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "சரிம்மா, சரி, இப்படி உள்ள வா, வந்து உக்காரு, கொஞ்சம் தண்ணி குடி," என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார் போலிருக்கிறது. வளையல் சத்தம் கேட்டது.

"இழுக்காதீங்கம்மா," என்றாள் ரோஸ்லின் அழுகைக்கு நடுவே. "வர முடியாது. மேல அவர் வயர்ல கை வச்சிருக்காரு."